எஸ்கியூலைட்: நீண்டநாள் பயன்பாட்டில் டேபிள்களின் உறவு நிலைக்கிறதா?

சிறிய நூலகக் கணக்குக்கு எஸ்கியூலைட் (SQLite) என்ற தரவுத்தள மென்பொருள் தாராளம். சர்வர் வேண்டாம், மொத்தத் தரவும் ஒரே ஃபைல். உறுப்பினர், நூல், இரவல் என மூன்று டேபிள். இரவலில் பெயரோ தலைப்போ கிடையாது. உறுப்பினர் எண், நூல் எண், தேதி மட்டும். ஒருவரின் போன் நம்பர் மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் முடிந்தது. யார் கையில் எந்த நூல் என்று கேட்டால் டேபிள்களை இணைக்கும் ஜாயின் கட்டளை அந்த எண்களை வைத்துக் கோத்துக் கொடுக்கும்.

இந்த எண்ணுக்குக் காவல் ஃபாரின் கீ, அதாவது இரவலில் உள்ள எண் உறுப்பினர், நூல் டேபிள்களில் உண்மையில் இருக்க வேண்டும் என்ற விதி. நாள்பட ஓட்டும்போது அடி விழுகிற இடமும் அதுதான். 2009-இல் 3.6.19 பதிப்பிலேயே இந்தக் காவல் வந்துவிட்டது. ஆனால் இயல்பாக அணைந்தே கிடக்கும். கனெக்‌ஷன் திறக்கும் ஒவ்வொரு முறையும் ‘பிராக்மா ஃபாரின்_கீஸ் = ஆன்’ (PRAGMA foreign_keys = ON) என்ற அமைப்புக் கட்டளையைக் கொடுக்க வேண்டும், ஃபைலில் அது பதிவாகாது. பிகின் போட்டு டிரான்சாக்ஷனைத் (ஒன்றாக நடக்கும் மாற்றங்களின் தொகுப்பை) தொடங்கிய பிறகு கொடுத்தால் எர்ரர் வராது, வேலையும் நடக்காது. கொடுத்த கையோடு மதிப்பைக் கேட்டு 1 வருகிறதா என்று பாருங்கள்.

அணைந்திருந்தால் என்ன ஆகும்? கடைசி உறுப்பினர் எண் 57. அவரை நீக்குகிறீர்கள், அவருடைய இரவல் பதிவுகள் அப்படியே நிற்கின்றன. ஆட்டோஇன்கிரிமென்ட் (பழைய எண்ணை மீண்டும் தராத அமைப்பு) இல்லாத இன்டிஜர் பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவுக்குமான தனி எண்), இருப்பதில் பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டித்தான் அடுத்த எண்ணைத் தருகிறது. ஆக, புதிதாகச் சேருபவருக்கும் 57. தொடாத நூல்களுக்கெல்லாம் அவர் பெயரில் பாக்கி நிற்கும். ஜாயினில் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும் என்பதுதான் கொடுமை.

இரவலின் உறுப்பினர் எண்ணுக்கு நாட் நல் (காலியாக விடக்கூடாது என்ற விதி) கட்டாயம். காலியாக விட்டால் ஃபாரின் கீ அதைச் சோதிக்காது. டெலீட் கேஸ்கேடை இங்கே தவிர்ப்பது நல்லது. உறுப்பினரோடு சேர்ந்து வரலாறும் அழிந்துவிடும், இரவல் பதிவு இருக்கும்வரை நீக்கவிடாத ரெஸ்ட்ரிக்ட் போதும். இரவலின் உறுப்பினர் எண் பத்திக்கு, விரைவாகத் தேட உதவும் இன்டெக்ஸ் தானாக உருவாகாது, நாமே போட வேண்டும். இல்லாவிட்டால் ஓர் உறுப்பினரை நீக்க இரவல் டேபிள் முழுவதையும் தேடும்.

பழைய ஃபைலைக் கையில் எடுத்தால் முதல் வேலை ‘பிராக்மா ஃபாரின்_கீ_செக்’. டேபிள் பெயரோடு, அறுந்து நிற்கும் பதிவின் அடையாள எண்ணான ரோஐடியையும் தரும். ஆனால் மேலே சொன்ன 57 இதில் சிக்காது. அந்த எண்ணில் இப்போது ஆள் இருக்கிறாரே! சேர்ந்த தேதிக்கு முந்தைய இரவல் உண்டா என்று தனியாகத்தான் தேட வேண்டும்.