ஸ்விஃப்ட் (Zwift) செயலி: சைக்கிள் ரேஸ் ஓட்ட ஆசைப்படும் பெண்களுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

சைக்கிள் ரேஸ் ஓட்ட ஆசைப்படும் பெண், பயிற்சிக்காக விடியுமுன்பே தனியாக ரோட்டில் இறங்க வேண்டியிருக்கிறது. கூட ஓட்டும் குழுவில் பெரும்பாலும் ஆண்கள்தான். ரேஸ் நடந்தாலும் பெண்கள் பிரிவில் நாலைந்து பேர் நின்றால் அதிகம். இந்த மூன்றையும் சுற்றிப்போக ஒரு வழி ஸ்விஃப்ட். சைக்கிளை வீட்டில் டிரெய்னர் என்ற ஸ்டாண்டில் மாட்டி, திரையில் விரியும் வடோப்பியா என்ற கற்பனைத் தீவில், உலகின் எந்த மூலையிலோ பெடல் மிதிப்பவர்களோடு சேர்ந்து ஓட்ட வைக்கும் செயலி அது. 2014இல் சோதனை வடிவில் வந்தது. ரேஸ் புத்தியைப் பழக்க இவ்வளவு பத்திரமான இடம் வேறில்லை. ஆனால் சைக்கிளைக் கையாளும் திறமை இதில் ஒரு துளிகூட வராது. இரண்டையும் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள்.

வெறும் வீடியோ கேம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. 2016இல் ஸ்விஃப்ட் அகாடமி என்ற தேர்வு தொடங்கியது. வெல்பவருக்குப் பரிசு, கேன்யன்-ஸ்ராம் தொழில்முறைப் பெண்கள் அணியில் ஓர் இடம். முதல் ஆண்டு வென்ற லியா தோர்வில்சன் மாரத்தான் ஓடிக்கொண்டிருந்தவர். 2020இல் வென்ற ஆஸ்திரேலியாவின் நீவ் பிராட்பரி, இத்தாலியில் பல நாள் நடக்கும் ஜிரோ ரேஸின் 2024 பெண்கள் போட்டியில் பிளாக்ஹவுஸ் மலைக் கட்டத்தை வென்று, மொத்தத்தில் மூன்றாவதாக வந்தார். 2020 டிசம்பரில் இதே தீவில் நடந்த முதல் சைக்கிள் இ-ஸ்போர்ட்ஸ் உலகச் சாம்பியன்ஷிப்பில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே 50 கிலோமீட்டர். பெண்கள் பட்டம் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன்-பாசியோவுக்கு. ரோடு ரேஸில் பெண்களுக்கு இன்றும் தூரத்தைக் குறைத்தே வைக்கிறார்கள். அதை நினைத்தால் அந்தச் சமதூரம் சின்ன விஷயம் இல்லை.

வேண்டியவை: சைக்கிள், செயலியோடு இணையும் ஸ்மார்ட் டிரெய்னர், டேப்லெட்டோ லேப்டாப்போ, மார்பில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டை. பின் டயர் உருளையில் உரசும் வகை டிரெய்னர் விலை குறைவு. ஆனால் டயரில் காற்று மாறினால் வாட் கணக்கும், அதாவது பெடலில் நீங்கள் கொடுக்கும் சக்தியின் அளவும், மாறும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு காற்றடித்து, பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றி, ஸ்பின்-டவுன் என்ற அளவுத் திருத்தம் செய்தால்தான் எண்ணை நம்பலாம். பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு நேராக மாட்டும் டைரக்ட் டிரைவ் வகையில் டயர் தொல்லை இல்லை. வாங்குமுன் உங்கள் கேசட் (பின்பக்கக் கியர் பல்சக்கரங்கள்) எத்தனை ஸ்பீடு, பின் அச்சு குவிக் ரிலீஸா த்ரூ ஆக்சிலா என்று பாருங்கள். 8 ஸ்பீடு சைக்கிளை 11 ஸ்பீடு கேசட்டில் மாட்டினால் கியர் ஓரிடத்தில் நிற்காமல் தாவிக்கொண்டே இருக்கும்.

டிரெய்னரில் மிச்சம் பிடித்தாலும் ஃபேனில் பிடிக்காதீர்கள். எதிர்காற்று இல்லாத அறையில் உடல் சூடு இறங்க வழியில்லை. சென்னைப் புழுக்கத்தில் சிறிது நேரத்திலேயே இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகும், வாட் இறங்கிக்கொண்டே வரும். சீலிங் ஃபேன் போதாது. ஒரு பெடஸ்டல் ஃபேன் முன்னாலிருந்து நெஞ்சுக்கு, முடிந்தால் இன்னொன்று முதுகுக்கு. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடல் வெப்பம் இயல்பாகவே சற்றுக் கூடியிருக்கும். அப்போது வழக்கமான வாட்டே பாரமாகத் தோன்றினால் அது சோம்பல் இல்லை. ஹேண்டில்பார்மேல் துண்டு போடுங்கள், இல்லையென்றால் வியர்வை ஸ்டெம் போல்ட்டை அரித்துவிடும்.

அடுத்தது சீட். ரோட்டில் சைக்கிள் உங்களோடு சேர்ந்து ஆடும். டிரெய்னரில் கட்டிப்போட்டதுபோல் நிற்கும். அழுத்தமெல்லாம் ஒரே இடத்தில் விழும். உட்காரும் எலும்புகளின் இடைவெளி பெண்களுக்குப் பொதுவாக அகலம். சைக்கிளோடு வரும் குறுகிய சீட்டில் எடை முன்பக்க மென்தசையில் விழுந்து மரத்துப்போகும், வீங்கும். நெளி அட்டையை ஸ்டூல்மேல் வைத்து உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழி விழும்; ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு அளந்து, 2 முதல் 3 சென்டிமீட்டர் கூட்டினால் வேண்டிய சீட் அகலம் ஏறத்தாழ வரும். நடுவில் வெட்டு உள்ளதாகப் பாருங்கள். பேடு வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை வேண்டாம். அதன் தையல் உரசியே புண்ணாகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள்.

இனி எண்கள். எஃப்டிபி என்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் வாட். அதை அளக்கும் ராம்ப் டெஸ்ட் நிமிடத்துக்கு 20 வாட் ஏறும். எடை குறைந்தவர்கள் அதில் சீக்கிரமே திணறிவிடுவார்கள், எண்ணும் சரியாக வராது. 10 வாட்டாக ஏறும் ராம்ப் டெஸ்ட் லைட் பல பெண்களுக்குப் பொருந்தும்.

ரேஸ் பிரிவுகள் ஏ, பி, சி, டி. உடல் எடையில் கிலோவுக்கு 2.5 வாட்டுக்குக் கீழ் டி, அங்கிருந்து 3.2 வரை சி என்பது பழைய பொதுக்கணக்கு. 2024 முதல் பல ரேஸ்களில் 0 முதல் 1000 வரையான ரேசிங் ஸ்கோரை வைத்தும் பிரிக்கிறார்கள். கிலோக் கணக்கில் பெண்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 55 கிலோ எடையுள்ளவர் கிலோவுக்கு 2.4 வாட் ஓட்டினால் மொத்தம் 132 வாட். அதே பிரிவில் அதே 2.4 ஓட்டும் 80 கிலோ ஆணுக்கு 192. மேட்டில் இருவரும் கிட்டத்தட்டச் சேர்ந்தே ஏறுவார்கள். சமதளத்தில் மொத்த வாட்தான் பேசும். அவர் போய்விடுவார், நீங்கள் தனியாக நிற்பீர்கள். இதைத் தன் குறை என்று நினைத்து முதல் ரேஸோடு விட்டுவிட வேண்டாம். பெண்கள் மட்டும் என்று குறித்த ரேஸ்களை எடுங்கள். ஸ்விஃப்ட் ரேசிங் லீகிலும் பெண்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. அணியாக ஓட்டிப் பழக நல்ல இடம் அது. கலப்பு ரேஸ்தான் கிடைத்தால் ஏற்றமுள்ள பாதையாகப் பாருங்கள்.

எடையைக் குறைத்தால் கிலோவுக்கு இத்தனை வாட் என்ற எண் ஏறுமே என்ற எண்ணம் எளிதில் வரும். திரையில் ஓயாமல் தெரியும் அந்த எண்தான் இந்தச் செயலியில் எனக்குப் பிடிக்காத ஒன்று. பயிற்சியைக் கூட்டிச் சாப்பாட்டைக் குறைத்தால் மாதவிடாய் தள்ளிப்போகும், நிற்கும், எலும்பு பலவீனமாகும். இரண்டு மூன்று மாதம் வராமல் போனால் பயிற்சியைக் குறைத்து மருத்துவரைப் பாருங்கள். காலில் வாட்டைக் கூட்டுங்கள். தட்டில் சோற்றைக் குறைக்காதீர்கள்.

முதல் ரேஸுக்கு 20 முதல் 30 நிமிடம் போதும். வடோப்பியாவிலுள்ள 4.1 கிலோமீட்டர் வால்கேனோ சர்க்யூட்டைச் சில சுற்று ஓட்டும் ரேஸ் நல்ல தொடக்கம். 15 நிமிடம் வார்ம்-அப் செய்து, நடுவில் மூன்று முறை அரை நிமிடம் பலமாக மிதித்துவிட்டு, சில நிமிடம் முன்பே தொடக்க இடத்துக்கு வந்துவிடுங்கள். கவுண்ட்-டவுனில் பத்து விநாடி இருக்கும்போதே எஃப்டிபி அளவில் மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். பூஜ்யத்தில்தான் தொடங்குவேன் என்றிருந்தால், டிரெய்னரின் ஃப்ளைவீல் வேகம் பிடிப்பதற்குள் கூட்டம் கண்ணைவிட்டு மறைந்திருக்கும். முதல் இரண்டு மூன்று நிமிடம் எஃப்டிபியைத் தாண்டித்தான் ஓட்ட வேண்டியிருக்கும். பல்லைக் கடித்துத் தாங்குங்கள், வேகம் தணியும். அதன்பின் கூட்டத்தின் நடுவிலோ பின்னாலோ ஒதுங்கினால், அதே வேகத்துக்கு ஏறத்தாழக் கால் பங்கு வாட் மிச்சம். வலப்பக்கப் பட்டியலில் சிலரின் வாட் எண் திடீரென ஏறினால் யாரோ பாயப்போகிறார் என்று பொருள். அந்த நொடியே எழுந்து மிதியுங்கள். இடைவெளி விழுந்தபின் துரத்துவது இரட்டைச் செலவு. பவர்-அப் என்பது ரேஸில் கிடைக்கும் சிறு சலுகை; இறகு வடிவத்தில் வருவது சிறிது நேரம் உங்கள் எடையைக் குறைத்துக் காட்டும். அதை மேட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட் வடிவத்தைக் கடைசி ஸ்பிரிண்டுக்கு. கரண்ட் போனால் பல டிரெய்னர்கள் தொடர்பறுந்து ரேஸே போய்விடும். டிரெய்னரையும் வைஃபை ரௌட்டரையும் இன்வெர்ட்டரில் மாட்டுங்கள்.

வராத பாடங்களும் இருக்கின்றன. இங்கே ஒருவர் இன்னொருவரின் ஊடாகவே புகுந்து போகலாம். வளைவில் பிரேக் பிடிக்க வேண்டியதில்லை. ஆகவே திரையில் பத்து ரேஸ் வென்றவரும் ரோட்டில் முன் சக்கரத்தை அடுத்தவரின் பின் சக்கரத்தோடு பக்கவாட்டில் ஒட்டவைத்து விழுந்துவிடலாம். வாரம் ஒருநாளாவது நம்பிக்கையான இரண்டு மூன்று பேரோடு காலி ரோட்டில் போங்கள். முன்னவரின் சக்கரத்தைப் பார்க்காமல் தோளுக்கு மேலே பார்த்தபடி ஒரு மீட்டர் இடைவெளியில் ஓட்டப் பழகி, பிறகு நெருங்குங்கள். பிரேக் லீவர் கைக்கு எட்டாவிட்டால், அதிலுள்ள ரீச் ஸ்க்ரூவைத் திருகி உள்ளே கொண்டுவரலாம். சிறிய கைகளுக்கு இதைச் செய்யாமல் கூட்டத்தில் ஓட்டவே கூடாது.

அமெரிக்கச் சந்தா 2024இல் மாதம் 14.99 டாலரிலிருந்து 19.99க்கு ஏறியது, இங்கே பலருக்கு இது பெரிய தொகை. முதலில் 14 நாள் இலவசம். டிரெய்னர் வந்து, ஃபேனும் சீட்டும் சரியாகி, சைக்கிள் செயலியோடு இணைகிறதா என்று பார்த்தபின் அந்த 14 நாளைத் தொடங்குங்கள். மூன்றாம் நாள் ராம்ப் டெஸ்ட் லைட், இரண்டாம் வாரத்தில் இரண்டு பெண்கள் ரேஸ். மழைக்காலத்துக்குச் சந்தா வைத்துக்கொண்டு, வானம் வெளுத்ததும் நிறுத்திவிட்டு ரோட்டுக்குப் போகலாம்.