மூன்றாவது அழுத்தலில் கிளம்பும் கணினி: மெக்கானிக்கா, லேமிங்டன் ரோடா, நம் கையா?

அடியோடு செத்துப்போன கணினியைப் பழுது பார்ப்பது எளிது. காலையில் இரண்டு முறை முரண்டுபிடித்துவிட்டு, மூன்றாவது அழுத்தலில் ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பும் கணினிதான் ஆளைப் படுத்திவிடும். மும்பை சயான் கோலிவாடாவில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணாச்சி போன மழைக்காலம் முழுக்க இதோடு மல்லுக்கட்டினார். மகளின் கல்லூரி வேலை எல்லாம் அதில்தான் இருந்தது. முதலில் அவற்றைப் பென் டிரைவில் நகல் எடுக்க வைத்தேன். எந்த வழியில் போவதானாலும் இதைச் செய்துவிட்டுத்தான் போக வேண்டும்.

வீட்டுக்கு வரும் மெக்கானிக்கிடம் ஒரு நன்மை உண்டு. கணினி இருக்கும் இடத்திலேயே, அதே பிளக், அதே எக்ஸ்டென்ஷன் பெட்டியோடு கோளாறைப் பார்க்கிறார். ஆனால் பெரும்பாலும் அவர் பையில் மாற்று உதிரிபாகம் இருப்பதில்லை. ஸ்க்ரூ டிரைவரும் பென் டிரைவும்தான் இருக்கும். அதனால் எந்த நோய்க்கும் விண்டோஸை அழித்து மறுபடி போடுவதே மருந்தாகிவிடுகிறது. அண்ணாச்சி வீட்டுக்கு வந்தவரும் அதைத்தான் செய்தார், பலனில்லை. திரையில் எழுத்தே வராமல் இருட்டாக நிற்கும் கணினி விண்டோஸ்வரை போகவே இல்லை என்று பொருள். விண்டோஸ் சின்னம் வந்த பிறகு உறைந்து நின்றால்தான் விண்டோஸைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் ஒன்றைப் பாருங்கள்: ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒழுங்காக வருகிறது, அணைத்துப் போட்டால் மட்டும் சிக்குகிறது என்றால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை நிறுத்திப் பார்க்கலாம். விண்டோஸ் 8 முதல் வந்த இந்த வசதி கணினியை முழுமையாக அணைய விடுவதில்லை. நிறுத்துவதற்குக் காசும் தேவையில்லை.

மும்பையின் கணினிச் சந்தையான லேமிங்டன் ரோட்டின் பலம் வேறு. அங்கே எல்லா உதிரிபாகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் போட்டுப் பத்து நிமிடத்தில் சோதிக்கலாம். ஆனால் கோளாறு நம்மோடு டாக்சியில் வருவதில்லை. குலுங்கியதில் ராம் என்ற நினைவகப் பலகை சரியாக உட்கார்ந்திருக்கும். அல்லது, குளிர்ந்து கிடக்கும்போது மட்டும் தகராறு செய்யும், மின்னைத் தேக்கித் தரும் பழைய கெபாசிட்டர் நண்பகல் வெக்கையில் ஒழுங்காக வேலை செய்யும். கடைக்காரர் "நன்றாகத்தானே ஓடுகிறது" என்பார், இல்லையென்றால் எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு போய்விட்டது என்பார். கடைக்குத்தான் போவது என்றால், வீட்டில் அது கிளம்ப மறுப்பதைக் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டு போங்கள். ஓர் இரவு கடையிலேயே விட்டு, காலையில் ஷட்டர் திறந்ததும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் ஓட்டு முதலில் நம் கைக்குத்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டு ராமைக் கழற்றுங்கள். அண்ணாச்சி வீட்டு ராமின் பொன்னிற விளிம்பில் ஒரு பழுப்புக் கோடு படிந்திருந்தது. இந்த ஊரின் ஈரக்காற்றுக்கு அது அதிசயமில்லை. பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்ததும் பளிச்சென்று ஆனது. தூளைத் துடைத்து, இருபுறமும் 'டக்' என்று பிடிக்கும்வரை அழுத்தினோம். தேதியும் நேரமும் தினமும் பின்னோக்கிப் போனால், மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் வில்லை பேட்டரியை மாற்றுங்கள். செலவு சொற்பம்தான்.

இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் பழைய கதை. "போர்டையே மாற்றிவிடலாமா தம்பி?" என்றார். "அவசரப்படாதீர்கள் அண்ணாச்சி, இன்னும் ஒரு சோதனை பாக்கி" என்றேன்.

பாக்கி இருந்தது எஸ்.எம்.பி.எஸ்., அதாவது வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி. அதிலிருந்து வரும் 12, 5, 3.3 வோல்ட் மின்சாரம் நிலைப்பட்ட பிறகு 'பவர் குட்' என்ற சமிக்ஞை போகும். அது வரும்வரை மதர்போர்டு வேலையைத் தொடங்காது. கெபாசிட்டர் சோர்ந்திருந்தால் அந்தச் சமிக்ஞை தடுமாறும். விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடும். என் கணினியிலிருந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றி ஓர் இரவு அவருடையதில் மாட்டி வைத்தோம். காலையில் முதல் அழுத்தலிலேயே கிளம்பியது, அடுத்த ஐந்து நாளும் அப்படியே. பழையதைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தேங்கி நிற்கும்.

அதன் பிறகுதான் லேமிங்டன் ரோட்டுக்குப் போனோம், பழுது பார்க்க அல்ல, ஒரே ஒரு பொருள் வாங்க. கடையில் எடுத்துக் காட்டிய முதல் பெட்டியில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர்தான். பெருக்கினால் 216 வாட், கணினி பெரிதும் நம்பியிருக்கும் 12 வோல்ட்டில் கொட்டை எழுத்துக் கணக்கில் பாதிகூட இல்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று எடுத்தோம்.