பெயர்ப்பட்டை இல்லாத ஸ்நேர் டிரம்: ஒன்பது மழைக்காலத்து அனுபவம்

மும்பை சோர் பஜாரில் ஒரு பழைய உலோக ஸ்நேர் டிரம்மை, அதாவது கீழ்த்தோலை ஒட்டி அதிரும் கம்பிகள் கட்டிய சிறு டிரம்மை, பார்த்துவிட்டு வந்த தம்பி ஒருவர், "அண்ணே, லட்விக் பேட்ஜ் இருக்கு, வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். லட்விக் ஓர் அமெரிக்க டிரம் நிறுவனம்; பேட்ஜ் என்பது டிரம்மில் பதித்திருக்கும் அதன் பெயர்ப்பட்டை. போன மாதம்தான் என்னுடைய டிரம்மைப் பிரித்துப் பழுது பார்த்தேன். கை இன்னும் எண்ணெய் வாடை மறக்காத நிலையில், அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

என்னுடையதும் அதே தெருவில் வாங்கியதுதான். பதினான்கு அங்குல விட்டம், ஐந்து அங்குல ஆழம், தோலை இறுக்கும் திருகுகள் மாட்டுகிற பத்து லக், ஷெல் எனும் உருளை உடலின் நடுவே சுற்றிவரும் ஒரு புடைப்பு வரி, மேலே குரோம். பேட்ஜ் இல்லை. அது இருந்த இடத்தில் காற்றுத் துளையும் அதைச் சுற்றிச் சற்று வெளிறிய ஒரு நிழலும் மட்டுமே இருக்கின்றன. எனக்கு முன் வைத்திருந்த எவரோ அதைத் தனியாகக் கழற்றி விற்றிருக்க வேண்டும். அப்படிக் கழற்றப்பட்ட பேட்ஜ் வேறொரு டிரம்மில் போய் ஏறுவதும் உண்டு என்பதால், பேட்ஜை மட்டும் நம்பி யாரும் பணத்தை எடுக்கக் கூடாது.

பார்ப்பவர்கள் எல்லோரும் இதை லட்விக்கின் சூப்ராஃபோனிக் மாடல் என்கிறார்கள். பத்து லக்கும் நடுவரியும் அதற்குப் பொருந்துகின்றன. அதே நிறுவனத்தின் இன்னொரு மாடலான அக்ரோலைட்டுக்கு எட்டு லக்தான், குரோமும் கிடையாது. ஆனால் போன மாதம், ஸ்நேர் கம்பிகளை இறுக்கவும் தளர்த்தவும் பக்கவாட்டில் இருக்கும் பிடியான த்ரோ-ஆஃபைக் கழற்றியபோது அதன் அடியில் இரண்டு துளைகளுக்குப் பதில் நான்கு இருந்தன. இரண்டை ஈயம் போன்ற ஏதோ ஒன்றால் அடைத்து வைத்திருந்தார்கள். தோலை அழுத்திப் பிடிக்கும் கீழ் வளையத்தின் நிறம் மேல் வளையத்தோடு சேரவில்லை. பாகங்கள் இப்படிப் பல ஊர்களிலிருந்து வந்து கூடியிருக்கும்போது நான் எந்தப் பெயரையும் சொல்வதில்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஷெல்லின் உலோகத்தை மட்டும்தான். அதைச் சொல்லிக்கொடுத்ததும், ஒன்பது ஆண்டுகளாக என் பொறுமையைச் சோதிப்பதும் ஒன்றே: குரோமுக்கு அடியிலிருந்து கிளம்பும் கொப்புளம். ஆடி மாதத்து ஈரமும் மாஹிம் பக்கத்து உப்புக் காற்றும் வீட்டுக்குள் வந்துவிட்டால், துடைத்து வைத்த ஷெல்லில் நாலே நாளில் மிளகு தூவியது போலப் புள்ளிகள் எழும்புகின்றன. நகத்தால் சுரண்டினால் குரோம் செதிலாகப் பெயர்ந்து, அடியில் வெள்ளைப் பொடி தெரிகிறது. குரோம் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கும். அவற்றின் வழியே ஈரமும் உப்பும் இறங்கி அலுமினியத்தை அரிக்கும். அரித்த பகுதி ஆக்சைடாகி உப்பும்போது மேலிருக்கும் பூச்சைத் தூக்கிவிடும்.

இந்தப் பொடியின் நிறம்தான் அடையாளம். வெள்ளை என்றால் அலுமினியம். பழுப்புத் துரு என்றால் இரும்பு. பச்சைக் களிம்போ, கீறலில் மஞ்சளோ தெரிந்தால் பித்தளை. சூப்ராஃபோனிக்கே 1960களின் தொடக்கத்தில் பித்தளை மேல் குரோமாக வந்து, 1963 வாக்கில்தான் அலுமினியக் கலவைக்கு மாறியது. ஆகவே கொப்புளமே இல்லாத ஒன்று கிடைத்தால் அவசரப்பட்டு 'நன்றாகப் பேணியிருக்கிறார்கள்' என்று நினைக்காமல், உள்ளே இருப்பது வேறு உலோகமா என்று பார்க்க வேண்டும். காந்தம் கொண்டுபோகலாம், வளையத்தில் வைக்காமல் ஷெல்லில் வைக்க வேண்டும், வலுவான காந்தமாக இருக்கக் கூடாது, ஏனென்றால் குரோமுக்கு அடியில் பூசும் நிக்கலே அதை லேசாக இழுக்கும். பித்தளை அலுமினியத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு கனம் என்றாலும், லக்கும் வளையமும் மாட்டிய டிரம்மைக் கையில் தூக்கிப் பார்த்தால் அந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. பேட்ஜில் இருக்கும் வரிசை எண்ணும் வயதைக் கணிக்க ஓரளவுக்கே உதவும்: லட்விக் 1963-இன் கடைசியில்தான் எண் பொறிக்கத் தொடங்கியது, பொறித்த பேட்ஜுகளையும் வரிசையாக எடுத்து டிரம்களில் பதிக்கவில்லை.

கொப்புளத்துக்கு நான் மட்டும் எதிரி அல்ல. இரண்டாம் ஆண்டில், நான் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில், அம்மா குத்துவிளக்கோடு சேர்த்து இதற்கும் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். மாலையில் கண்ணாடி போல இருந்தது. அடுத்த மாதம் லக்குகளைச் சுற்றி அம்மை போட்டது போலாகிவிட்டது. இன்றுவரை அவரிடம் காரணத்தைச் சொல்லவில்லை. குர்லாவில் முலாம் போடும் ஒரு பெரியவர், முழுவதையும் உரித்துப் புதிதாகப் பூசித் தருகிறேன் என்றார். உரிக்கும்போது ஷெல்லின் ஓரமும், ஸ்நேர் கம்பி படிவதற்காகக் கீழ் விளிம்பில் விட்டிருக்கும் பள்ளமும் கரைந்து போனால் ஓசை திரும்பாது என்பதால் மறுத்தேன்.

அந்த ஓசையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அநியாயம். தாராவியில் எங்கள் கோயில் தகரக் கூரை போட்டது; அங்கே என் பழைய இரும்பு டிரம்மை அடித்தால் பாடகர் குழு காதைப் பொத்திக்கொள்ளும். இதில் அதே அடி வறட்சியாக, சுருக்கமாக, கூரைவரை போகாமல் முன்வரிசையோடு நிற்கிறது. விரல் நுனி போலக் குச்சியை மெல்ல வைத்தாலும் கம்பிகள் பேசுகின்றன. பாஸ் கிதாரின் சில சுரங்களுக்கு அவை தாமாக அதிர்வது உண்டு, அதை நான் குறையாகக் கணக்கு வைப்பதில்லை. த்ரோ-ஆஃப் மட்டும் பொருந்தாத இனம்; பாட்டின் நடுவே பிடி தளர்ந்து ஸ்நேர் தவில் போல மொட்டையாக ஒலிக்கும், போன மாதப் பழுதும் அதற்காகத்தான்.

தம்பி நேற்றிரவு படங்கள் அனுப்பினார். பேட்ஜ் கோணாமல் இருக்கிறது, துளைகள் இரண்டே, விளிம்பை ஒட்டி வெள்ளைப் புள்ளிகள். அசலாகத்தான் இருக்க வேண்டும். இருந்தாலும் இந்த ஊர்க் காற்றில் அந்த வேலை வேண்டாம், அந்தப் பணத்துக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள் என்று பதில் எழுதிவிட்டேன். கூடவே, அந்தக் கடைக்காரர் த்ரோ-ஆஃபை மட்டும் கழற்றித் தனியாகத் தருவாரா என்று கேட்டுச் சொல்லும்படியும் எழுதியிருக்கிறேன்.