மைனஸ் 40-க்குக் கிண்டியில் போடும் கணக்கு: ஸ்டீமா, கேபிளா, கிளைக்காலா, வடித்துவிடுவதா?

கத்திரி வெயிலில் கிண்டி ஆபீஸுக்குள் நுழைந்து உட்கார்ந்தால், ஏசி ஓடினாலும் முதுகு காய அரை மணி நேரம் ஆகும். மேசைமேல் கிடக்கும் டிசைன் குறிப்பில் ‘குறைந்தபட்ச வெளி வெப்பநிலை மைனஸ் 40’ என்று இருக்கும். செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று கேட்க வேண்டியதில்லை. அந்த ஒரு புள்ளியில் மட்டும் இரண்டும் ஒன்றுதான். சென்னையில் இதுவரை பதிவானதிலேயே மிகக் குறைவு 13.9 டிகிரி. மார்கழியில் 21 டிகிரிக்கே மங்கி குல்லாவும் மப்ளருமாக வாக்கிங் போகிற ஊர். இங்கே இருந்துகொண்டுதான் கனடாவுக்கும் டெக்சாஸுக்கும் குழாய் உறையாமல் இருக்க வழி சொல்கிறோம்.

புதிதாகச் சேரும் பிள்ளைகள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “சார், ஸ்டீம் டிரேசிங் நல்லதா, எலக்ட்ரிக் நல்லதா?” டிரேசிங் என்றால் குழாயை ஒட்டியே சூடு தரும் ஒன்றை ஓடவிடுவது; அது ஸ்டீம் ஓடும் குழாயாகவோ மின்சாரக் கேபிளாகவோ இருக்கலாம். கேள்வியே கொஞ்சம் கோணல். போட்டி இரண்டு பேருக்குள் இல்லை, நாலைந்து பேர் களத்தில் இருக்கிறார்கள்.

அதற்கு முன்னால், குழாய் ஏன் வெடிக்கிறது என்பதில் தெளிவு வேண்டும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். ஃப்ரீசரில் மறந்துபோய் வைத்த சோடா பாட்டில் உடைவது இதனால்தான். காசிமேட்டு மீன்களுக்காக ஐஸ் பார் வார்க்கும் தகரப் பெட்டிகளைக் கவனித்தால், மேலே திறந்திருக்கும். தண்ணீர் பெருக்க இடம் இருப்பதால் பெட்டி பிழைக்கிறது. குழாயில் அந்த வசதி இல்லை. ஆனால் ஐஸ் பிடித்த இடத்திலேயே குழாய் பிளக்கும் என்று நினைக்கக் கூடாது. ஐஸ் ஒரு அடைப்பானாக வளர்ந்து, அதற்கும் மூடிய வால்வுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீரை நெருக்குகிறது. அந்த அழுத்தத்தில் குழாய் வேறெங்கோ கிழிகிறது. உறைந்திருக்கும்வரை யாருக்கும் தெரியாது. வெயில் வந்து ஐஸ் உருகும்போதுதான் ஒழுகும்.

இன்சுலேஷனை ஒரு போட்டியாளராகவே நான் எண்ணுவதில்லை. கல்லுக்குக் கம்பளி போர்த்தினால் கல் சூடாகிவிடாது. ஓட்டமில்லாத குழாய்க்கு இன்சுலேஷன் சில மணி நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். ஒரு சாண் குறுக்களவுள்ள குழாய் ஓர் இரவைத் தாங்கும். பிரஷர் கேஜுக்குப் போகும் விரல் தடிமன் குழாய் தாங்காது. இன்சுலேஷன் நனைந்துவிட்டால் அந்தச் சில மணி நேரமும் போச்சு. மற்ற எந்த வழியை எடுத்தாலும் அது கூடவே இருக்க வேண்டும், தனியாக இருந்தால் பயனில்லை.

ஸ்டீமும் கேபிளும்

பழைய தலைமுறை ஆலைகளில் ஸ்டீம் டிரேசிங்தான் ராஜா. குழாயோடு ஒட்டி ஒரு மெல்லிய செம்புக் குழாயை ஓடவிட்டு, அதில் 3.5 பார் அழுத்தத்தில் ஸ்டீமை அனுப்பினால் 148 டிகிரி கிடைக்கும். எவ்வளவு கெட்டியான எண்ணெயையும் அது இளக்கிவிடும். சுத்திகரிப்பு ஆலைகளில் ஸ்டீம் எப்படியும் இருக்கிறது, ஆகவே சும்மா கிடைக்கிற சூடு என்று தோன்றும். சும்மா இல்லை. ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் ஒரு ஸ்டீம் டிராப் இருக்க வேண்டும்; ஸ்டீமை உள்ளேயே நிறுத்தி, குளிர்ந்து நீரானதை மட்டும் வெளியே விடும் வால்வு அது. பெரிய ஆலையில் அது ஆயிரக்கணக்கில் போகும். டிராப் திறந்தபடி கெட்டால் ஸ்டீம் வீணாகும். மூடியபடி கெட்டால் உள்ளே நீர் தேங்கி, உறைவிலிருந்து காப்பாற்ற வைத்த குழாயே உறைந்துபோகும். டிராப் துப்புகிற நீர் நடைபாதையில் ஐஸாகி ஆள் வழுக்கி விழுவது வேறு கதை. டிராப்களைத் தொட்டுப் பார்த்து, காது வைத்துக் கேட்டுத் திரிய ஆள் இருக்கிற ஆலைக்கு இது பொருந்தும். அந்த ஆளைச் செலவு குறைப்பில் அனுப்பிவிட்ட ஆலைக்குப் பொருந்தாது.

கேபிளில் இன்று அதிகம் போவது தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் ரகம். இரண்டு கம்பிகளுக்கு நடுவே கரித்தூள் கலந்த பாலிமர். குளிரும்போது அது சுருங்கி மின்சாரத்துக்கு நிறைய பாதை விடும், சூடு கூடும். வெப்பம் ஏறினால் விரிந்து பாதைகள் அறுபடும், சூடு குறையும். ஒன்றின்மேல் ஒன்று ஏறினாலும் கருகாது. நறுக்குகிற இடத்தில் நறுக்கிக்கொள்ளலாம். மீட்டருக்கு 20 வாட் என்று வைத்தால், 100 மீட்டர் குழாய்க்கு 2 கிலோவாட். அதாவது நம் வீட்டு கீசர் ஒன்று எடுக்கும் மின்சாரம். வெளிக்காற்று 5 டிகிரிக்குக் கீழே போனதும் தெர்மோஸ்டாட் போட்டுவிடும்.

இவ்வளவு நல்லவனுக்கு என்ன குறை? மூன்று. குளிர்ந்து கிடக்கும் கேபிளை ஆன் செய்த முதல் சில நிமிடங்கள் அது பல மடங்கு மின்சாரம் இழுக்கும். பிரேக்கரைச் சின்னதாகத் தேர்ந்தெடுத்தால், சரியாக முதல் பனி இரவில் டிரிப் ஆகும். இரண்டாவது, வயதாக ஆக அதன் சூடு குறையும். மூன்றாவது நானே பட்ட பாடு. ஒரு தண்ணீர்க் குழாய்க்கு, தொடர்ந்து 65 டிகிரி வரை தாங்கும் கேபிளைத் தேர்ந்தெடுத்தேன். தண்ணீர்தானே, போதும் என்று நினைத்தேன். அங்கே பராமரிப்பு ஆட்கள் வருடத்துக்கு ஒருமுறை அதே குழாயை ஸ்டீம் விட்டுக் கழுவுவார்கள் என்று எனக்குத் தெரியாது; நான் கேட்கவும் இல்லை. பாலிமர் செத்துப்போயிற்று. இதில் கொடுமை என்னவென்றால், அடுத்த அக்டோபரில் மின்கசிவு சோதிக்கும் மெக்கர் கருவியை வைத்துப் பார்த்தபோது கேபிள் பாஸ். மெக்கர் பார்ப்பது உறை ஓட்டையாகியிருக்கிறதா என்பதை. உள்ளே சூடு பிறக்கிறதா என்பதை அல்ல. ஆம்பியர் அளந்திருந்தால் தெரிந்திருக்கும். ஜனவரியில் குழாய் பிளந்தது. அன்றிலிருந்து எந்தக் குழாய்ப் பட்டியல் வந்தாலும் ‘இந்தக் குழாயில் ஸ்டீம் விடுவீர்களா?’ என்பதுதான் என் முதல் கேள்வி.

ஆக, இரண்டில் எது? எண்ணெய் போன்ற கெட்டித் திரவம், ஸ்டீம் கையில் இருக்கிறது, டிராப் பார்க்க ஆள் இருக்கிறது என்றால் ஸ்டீம். தண்ணீர்க் குழாய், கருவிகளுக்குப் போகும் மெல்லிய குழாய் என்றால் கேபிள். ஆனால் கேபிள் அறுந்தால் கண்ட்ரோல் ரூமில் மணி அடிக்க வேண்டும். மணி இல்லாத கேபிளை நான் நம்புவதில்லை.

டெக்சாஸ் காட்டிய ஓட்டை

2021 பிப்ரவரியில் டெக்சாஸில் நடந்தது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாரும் மறக்க முடியாதது. டல்லஸ் பக்கம் மைனஸ் 19 டிகிரி. அங்கத்திய மின்நிலையங்கள் நம் எண்ணூர், வல்லூர் மாதிரி வெயில் ஊருக்காகக் கட்டப்பட்டவை. பாய்லரைச் சுற்றிச் சுவர் கிடையாது, காற்றாடக் கிடக்கும். பிப்ரவரி 15 அன்று சவுத் டெக்சாஸ் அணுமின் நிலையத்தின் முதல் யூனிட் நின்றுபோனது. காரணம், ஃபீட் வாட்டர், அதாவது ஸ்டீம் ஆக்க உள்ளே தள்ளும் தண்ணீரின் அழுத்தத்தை அளக்கும் மெல்லிய குழாய் உறைந்தது. அணு உலைக்கு ஒன்றும் இல்லை. விரல் தடிமன் குழாய் அதை நிறுத்திவிட்டது. அந்த வாரம் மின்தொகுப்பைக் காப்பாற்ற 20,000 மெகாவாட் வரை வெட்டினார்கள்.

கேபிளின் உண்மையான ஓட்டை இங்கேதான் தெரிகிறது. குளிர் உச்சத்தில் இருக்கிற அதே ராத்திரியில் கரண்ட் போகும். கரண்ட் போனால் கேபிள் வெறும் கயிறு. ஸ்டீம் கொஞ்சம் பரவாயில்லை என்பார்கள். பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் பம்ப் எதில் ஓடுகிறது என்று கேளுங்கள். ஜெனரேட்டர் இருக்கிறதே என்பவர்களிடம், ஹீட் டிரேசிங் பேனல் ஜெனரேட்டர் லைனில்தான் இருக்கிறதா என்று நான் கேட்பேன். பாதிப் பேர் வரைபடத்தைத் தேடப் போவார்கள்.

குழாயைச் சொட்ட விடுவது என்று ஒரு நாட்டு வைத்தியம் உண்டு. சின்னக் கட்டடத்துக்கு அது வேலை செய்யும்; ஓடுகிற தண்ணீர் உறைய நேரம் எடுக்கும், அழுத்தமும் சேராது. ஆனால் ஊரே திறந்துவிட்டால்? ஹூஸ்டனில் அந்த வாரம் வெடித்த குழாய்களும் மின்வெட்டும் இதுவும் சேர்ந்து விநியோக அழுத்தமே விழுந்து, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். 2019 கோடையில் குடத்தோடு லாரிக்கு நின்ற சென்னைக்காரன் எனக்கு, தண்ணீரை வேண்டுமென்றே சொட்ட விடுவதை எழுதிக் கொடுக்கவே கை வராது.

கிளைக்கால், வடித்தல்

கரண்ட் போனாலும் கவலைப்படாத ஆட்கள் இரண்டு பேர்தான். ஒருவர் கிளைக்கால், தண்ணீரோடு கலந்தால் உறையும் புள்ளியைக் கீழே இறக்கும் திரவம். சில்லர், ஏசி போன்ற மூடிய சுற்றுகளில் எத்திலீன் கிளைக்காலைப் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. விலை அதிகம், பம்புக்குப் பாரம், வெப்பம் கடத்துவதும் குறையும். எத்திலீன் கிளைக்கால் விஷம்; உணவு, பால் சம்பந்தப்பட்ட இடத்தில் புரோப்பிலீன் கிளைக்கால்தான் போட வேண்டும். கார் ரேடியேட்டருக்கு விற்பதை வாங்கி ஊற்றுகிறவர்கள் உண்டு, வேண்டாம்; அதிலிருக்கும் சேர்மானம் வேறு. மலிவாக முடிக்க 10 சதவீதம் கலந்தால் குளிரையும் தாங்காது, பாக்டீரியாவுக்குச் சாப்பாடாகவும் ஆகும்.

தீயணைப்பு ஸ்பிரிங்க்ளருக்கு மட்டும் கிளைக்காலைச் சட்டென்று சொல்லிவிடாதீர்கள். அமெரிக்காவில் கிளைக்கால் கலந்த தண்ணீர் தீயில் பீய்ச்சி அதுவே பற்றிக்கொண்ட விபத்துகள் நடந்த பிறகு விதிகள் இறுகின. 2022 செப்டம்பருக்குப் பிறகு, சோதித்துப் பட்டியலில் ஏறிய கலவை மட்டுமே. 4 டிகிரிக்குக் கீழே போகிற கிடங்கு என்றால் உலர் குழாய் முறை நல்லது: குழாயில் காற்று இருக்கும், ஸ்பிரிங்க்ளர் தலை திறந்தால்தான் தண்ணீர் வரும். தாழ்வான இடத்தில் சொட்டு நீர் சேரும் வடிகாலை இலையுதிர் காலத்தில் யாராவது திறந்துவிட வேண்டும். மறந்தால் அந்த ஒரு முழம்தான் வெடிக்கும்.

இன்னொருவர், என் கட்சி: வடித்துவிடுவது. தண்ணீர் இல்லாத குழாய் உறையாது. ஓடாத குழாய், பருவத்துக்கு மட்டும் ஓடும் குழாய் என்று பட்டியலில் வந்தால் முதலில் வடிக்க முடியுமா என்றுதான் பார்க்கிறேன். சரிவு கொடுத்து, தாழ்ந்த இடத்தில் வால்வு வைத்து, கடைசியில் கம்ப்ரஸர் காற்றால் ஊதிவிட வேண்டும். உள்ளே துளையுள்ள உருண்டை சுழலும் ‘பால்’ (ball) வால்வை முழுக்கத் திறந்தோ மூடியோ விட்டால் உருண்டைக்குள் ஒரு மடக்குத் தண்ணீர் நின்றுவிடும். பாதி திறந்து வைக்க வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்காமல் உடைந்த வால்வுகள் எத்தனையோ.

வடிப்பதன் எதிரி, மறந்துபோன முட்டுக்குழாய்: ஓட்டமே இல்லாமல் ஒரு முனை அடைபட்டுக் கிடக்கும் கிளை. 2007 பிப்ரவரியில் டெக்சாஸின் சன்ரேயில் வலேரோ மெக்கீ ஆலையில் சுமார் 15 வருடம் பயன்படுத்தாத ஒரு கிளையில், சரியாக மூடாத வால்வு வழியே தண்ணீர் கசிந்து சேர்ந்தது; உறைந்து குழாயின் முழங்கை வளைவு விரிசல் விட்டது. ஐஸ் உருகியதும் புரோப்பேன் கொட்டித் தீப்பிடித்தது. மூன்று பேருக்குக் கடும் தீக்காயம். பயன்படாத குழாய்க்கு யார் கேபிள் சுற்றுவார்கள்? அதை வெட்டி எறிந்திருக்க வேண்டும்.

இது எல்லாம் வெளிநாட்டுக் கதை என்று நினைக்கிறவர்களுக்கு மாதவரம் பக்கத்துக் குளிர்பதனக் கிடங்குகள் இருக்கின்றன. உள்ளே மைனஸ் 20 வைத்தால் சில வருடங்களில் குளிர் தரைக்கடியில் இறங்கி மண்ணின் ஈரம் உறையும், அது இன்னும் ஈரத்தை இழுக்கும், தரை உப்பி வெடிக்கும். தடுக்க இரண்டு வழி: தரைக்கடியில் ஹீட்டர் கேபிள், அல்லது இரு பக்கமும் திறந்த காற்றுக் குழாய்கள். நம் ஊர் வெளிக்காற்று சராசரியாக 28 டிகிரி சூட்டில் இலவசமாகக் கிடைக்கிறது, ஆகவே பீடம் உயரமாக இருந்தால் காற்றுக் குழாய்தான் என் தேர்வு. சென்னைக் காற்றின் ஈரம் உள்ளே வியர்த்து உறையாமல் வடிய, குழாய்க்குச் சரிவு வேண்டும். 2023 மிக்ஜாம் மாதிரி மழையில் வெள்ளம் அந்த வாய்களுக்கு எட்டும் தாழ்வான இடம் என்றால் கேபிளுக்கு மாறிவிடலாம்.

போன மாதம் ஒரு கிடங்கைப் பார்க்கப் போனேன். உள்ளே தரை ஒரு மூலையில் லேசாகத் தூக்கியிருந்தது. வெளியே சுற்றி வந்தால், காற்றுக் குழாய் வாய்கள் எல்லாவற்றிலும் சாக்கைத் திணித்து அடைத்திருந்தார்கள். “எலி வருது சார்” என்றார் மேற்பார்வையாளர். சாக்கை எடுத்துவிட்டு இரும்பு வலை அடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.