உரிமையாளரிடம் கட்டணம் செலுத்தி நாயைத் தத்தெடுத்த அனுபவம்

வேலை மாற்றத்தால் தம் நாயைத் தொடர்ந்து வளர்க்க இயலாத ஒருவரிடமிருந்து, அவர் கேட்ட கட்டணத்தைச் செலுத்தி, 4 வயதுப் பெண் நாயைத் தத்தெடுத்தேன். தத்துக்கு ஏன் பணம் என்ற தயக்கம் முதலில் எனக்கும் இருந்தது. ஆனால் கருத்தடை அறுவை, வெறிநோய்க்கும் நாய்களைத் தாக்கும் பார்வோ, டிஸ்டெம்பர் என்னும் தொற்றுநோய்களுக்கும் எதிரான தடுப்பூசிகள் ஆகியவற்றுக்கான கால்நடை மருத்துவரின் பதிவேட்டை அவர் விரித்துக் காட்டியபோது, கேட்ட தொகை அச்செலவில் ஒரு பகுதியே என்பது தெளிவாயிற்று. இலவசமாகக் கிடைக்கும் நாய்களைப் பெற்று விற்றுவிடுவோரும் உண்டு என்பதால், சிறு கட்டணம் அத்தகையோரை ஓரளவு விலக்கும் என்று அவர் சொன்னதையும் ஏற்கிறேன்.

நாயை அதன் வீட்டிலேயே இருமுறை பார்க்க அனுமதித்தார். அதன் உணவுப் பழக்கம், இடியோசைக்கு அது அஞ்சி நடுங்குவது, குழந்தைகளிடம் பழகும் விதம் என எதையும் மறைக்கவில்லை. கட்டணத்தைவிட இந்த நேர்மையே எனக்குப் பெரிதாகப் பட்டது. முன்பணம் கேட்காமல், நாயை ஒப்படைத்த அன்றே தொகையைப் பெற்றுக்கொண்டு, கையொப்பமிட்ட ரசீதும் தந்தார். நாயை நேரில் காட்டுவதற்கு முன்பே பணம் அனுப்பச் சொல்பவரை நம்பவே கூடாது.

ஒரு குறை உண்டு. நாயின் தோலுக்கடியில் பொருத்தியிருந்த மைக்ரோசிப் என்னும் சிறு அடையாளச் சில்லின் 15 இலக்க எண்ணின் பதிவு அவர் பெயரிலேயே இருந்ததால், அதை மாற்ற எனக்கு 3 வாரங்கள் பிடித்தன. ஒப்படைத்த நாளிலேயே அதை முடித்துத் தந்திருக்கலாம்.