காட்டுப்பூ விதைப் பொட்டலம்: படத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

மூன்று நட்சத்திரம். விதையில் குறை இல்லை, பொட்டலத்தின் மேலே போட்டிருக்கும் படத்துக்கும் உள்ளே இருக்கும் துண்டுச்சீட்டுக்கும்தான் தலா ஒரு நட்சத்திரம் குறைத்தேன்.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் சும்மா கிடந்த புல்தரையைப் பூவெளியாக்கலாம் என்று அக்கம்பக்கத்தார் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வாங்கியது இது. அட்டையில் பாப்பியும் கார்ன்ஃபிளவரும் சிவப்பும் நீலமுமாக மின்னும். அவை இரண்டும் உழுத வயலில் வரும் ஒருவருடச் செடிகள், முதல் கோடையில் ஜமாய்த்துவிட்டு, மண்ணைக் கிளறாவிட்டால் மறுவருடம் தலைகாட்டாது. அப்படியே ஆயிற்று. போன வருடம் படம் எடுத்துப் போட்டவர்களெல்லாம் இந்த வருடம் "ஏமாந்துட்டோம்" என்று என்னைப் பார்த்தார்கள்.

ஆனால் உள்ளே தனிப் பையில் யெல்லோ ராட்டில் என்ற மஞ்சள் பூச்செடியின் விதை வைத்திருக்கிறார்கள், காசு அதற்கே தகும். இது பாதி ஒட்டுண்ணி. புல்லின் வேரில் வேரைச் செருகிச் சத்தை உறிஞ்சுவதால் புல் சோர்ந்துபோய் மற்ற பூச்செடிகளுக்கு இடம் கிடைக்கிறது. குளிர்காலக் குளிர் பட்டால்தான் முளைக்கும், பழைய விதை பெரும்பாலும் தேறாது. சீட்டிலோ "வசந்தத்திலும் விதைக்கலாம்" என்று அச்சடித்திருக்கிறது! அதை நம்பி வசந்தத்தில் தூவிய பாதியில் ஒன்றுகூட வரவில்லை. இலையுதிர் காலத்தில், புல்லை ஒட்ட வெட்டி, மண் தெரியும்வரை வாரிவிட்டு, மணல் கலந்து தூவிய பாதியில் அடுத்த ஜூலையில் காய்ந்த காயைக் காதருகே ஆட்டினால் கிலுகிலு என்றது. பிள்ளைகள் அதை விடவே இல்லை.

அப்புறம், அதே சீட்டில் உரம் போடச் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சத்தான மண்ணில் புல்தான் ஜெயிக்கும். கோடை முடிவில் வெட்டி, விதை உதிர ஓரிரு நாள் அங்கேயே காயவிட்டு, பிறகு எல்லாவற்றையும் வாரி வெளியே கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் அதுவே மக்கி உரமாகிவிடும். வெட்டுவதை ஓர் இயந்திரம் முடித்துவிடும், வாருவதற்குத்தான் ஊரே தேவைப்பட்டது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1930களுக்கும் 1984க்கும் இடையில் பூக்கள் நிறைந்த புல்வெளிகளில் ஏறக்குறைய 97 சதவீதம் போனதற்கு உழவோடு உரமும் ஒரு பெரிய காரணம்.

இவர்களுடைய ஹெதர் (ஊதாப் பூப் பூக்கும் குட்டைப் புதர்) விதைப் பொட்டலத்தை முன்பு ஹெதர் வளர்ந்த இடத்துக்கு உடனே வாங்கிவிடாதீர்கள். எங்கள் மேட்டு ஓரத்து மணல் நிலம் அப்படிப்பட்டது. பிர்ச் மரக் கன்றுகளைப் பிடுங்கி, மேல்மண்ணை லேசாகச் சுரண்டி, விதைக்காமல் அப்படியே விட்டோம். ஹெதர் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். இந்த வசந்தத்தில் மண்டியிட்டு எண்ணினோம், விரல்நுனி உயரத்தில் 41 கன்றுகள்.