வீட்டிலிருந்து கண்டாங்கி விற்பவருக்கு எந்தப் பணவழி உகந்தது?

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவின் ஓரத்தில் பழைய தேக்கு அலமாரி ஒன்று இருக்கிறது. மேல்தட்டுகளில் கண்டாங்கிச் சேலைகளையும் கீழ்த்தட்டில் கொட்டான்கள் எனப்படும் சிறு பனையோலைக் கூடைகளையும் அடுக்கி வைத்திருக்கிறேன். கடை என்று சொல்லிக்கொள்ள அவ்வளவுதான். பெயர்ப்பலகையும் இல்லை, கல்லாப்பெட்டியும் இல்லை. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, விலை பேசி, கூரியரில் அனுப்பும் இந்தச் சிறு வியாபாரத்துக்கு இதுவரை மூன்று வழிகளில் பணம் வாங்கியிருக்கிறேன்: யுபிஐ, வங்கி அட்டைக்காரர்களுக்காக ஒரு பேமெண்ட் கேட்வேயின் (நடுவில் நின்று பணத்தை வாங்கித் தரும் நிறுவனத்தின்) லிங்க், வெளிநாட்டவருக்கு பேபால் என்னும் இணையப் பணச் சேவை. எது எவ்வளவு கட்டணம் பிடிக்கிறது என்று மட்டும் பார்த்துத்தான் தொடக்கத்தில் தேர்ந்தெடுத்தேன். வந்த பணம் எந்த நாளில் முழுதாக என்னுடையதாகிறது என்பதே முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்பது கொஞ்சம் பட்ட பிறகே தெரிந்தது.

கட்டணத்தைப் பொறுத்தவரை யுபிஐக்கு ஈடு எதுவும் இல்லை. 2016இல் வந்த இந்த வசதிக்கு, 2020 ஜனவரி முதல் வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் தொகையில் விற்பவரிடம் ஒரு காசும் பிடிப்பதில்லை. 1,200 ரூபாய்ச் சேலைக்கு 1,200 ரூபாயே வந்து சேர்கிறது. மணியார்டருக்கு நூற்றுக்கு 5 ரூபாய் கமிஷன் கட்டிப் பழகிய எங்கள் அப்பச்சி, இதில் எவனுக்கு என்ன லாபம் என்று இன்றைக்கும் சந்தேகத்தோடுதான் கேட்கிறார். அந்தச் சந்தேகம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். கட்டணம் இல்லாத இடத்தில் காவலும் இல்லை. என்னைப் போலத் தனிநபர் கணக்கில் யுபிஐயில் வாங்கினால், பொருளுக்கும் பணத்துக்கும் நடுவே நின்று வழக்குத் தீர்க்க எவரும் கிடையாது.

சென்ற தை மாதம், கல்யாணத் தாம்பூலத்துக்கென்று இருபது கொட்டான் கேட்டு ஒருவர் அழைத்தார். 5,000 ரூபாய் பேசி முடித்த பத்தாவது நிமிடம், என் கணக்கில் 50,000 ரூபாய் வரவாகியிருப்பதாகக் குறுஞ்செய்தி வந்தது. அடுத்த நொடியே மறுபடி அழைப்பு: அவசரத்தில் ஒரு சைபர் கூடிவிட்டது, ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்திருந்த பணம், மீதி 45,000 ரூபாயை உடனே திருப்பி அனுப்புங்கள், ஆச்சி. எங்கள் ஊர் வழக்கம் அறிந்தவர்போல ஆச்சி என்றே விளித்தார். குரல் உண்மையிலேயே நடுங்கியது. நானும் செயலியைத் திறந்துவிட்டேன். அந்தக் குறுஞ்செய்தி பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வந்திருக்கிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன். வங்கியின் செய்திகள் எழுத்துகளாலான பெயரிலிருந்தே வரும். இருப்பைப் பார்த்தால் முதல்நாள் இருந்த தொகை அப்படியே இருந்தது. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றதும் அந்த எண் அணைந்துவிட்டது.

பணம் பெறுவதற்கு ஒருபோதும் ரகசிய பின் (PIN) எண் தேவையில்லை என்பதை அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். தனிநபர்களுக்கிடையே பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை முறையை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டதால் மோசடிக்காரர்களுக்கு ஒரு வாசல் அடைபட்டது. ஆனால் ‘இந்த க்யூஆரை ஸ்கேன் செய்தால் பணம் உங்களுக்கு வரும்’ என்னும் பொய் இன்னமும் ஊர் சுற்றுகிறது.

இதைவிடப் பெரிய இடர் யுபிஐயில் ஒன்று உண்டு. பக்கத்துத் தெருவில் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் செய்து விற்கும் ஓர் ஆச்சிக்கு, முன்பின் தெரியாத ஒருவர் 3,200 ரூபாய் அனுப்பிப் பலகாரம் வாங்கினார். அந்தப் பணம் வேறொரு மாநிலத்தில் நடந்த மோசடியின் வழியாக வந்தது என்று போலீஸ் வங்கிக்கு எழுத, கணக்கு முடங்கிவிட்டது. சீடை விற்ற பணம்தான் என்று நிரூபிக்க ஒரு பில்கூட அவரிடம் இல்லை. பென்ஷன் விழுகிற கணக்கும் அதுவேயாக இருந்ததால், மாதக்கணக்கில் மருந்துக்குக்கூட மகனை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. அதைப் பார்த்த பிறகே விற்பனைக்கென்று தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்று திறந்தேன். வாரம் ஒருமுறை அதில் கொஞ்சம் வைத்துவிட்டு மீதியை மாற்றிவிடுகிறேன்.

பேமெண்ட் லிங்க் என்பது நடுத்தர வழி. கட்டணம் பெரும்பாலும் 2 விழுக்காடு, அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி; ஆக 1,200 ரூபாய்க்கு 28 ரூபாய் 32 காசு போகிறது. பணம் வழக்கமாக இரண்டு வேலை நாள் கழித்துக் கணக்கில் விழும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அட்டையில் வாங்கியவர் பல வாரங்கள் கழித்தும் தம் வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பதும், அட்டை நிறுவனங்கள் இதற்குப் பொதுவாக 120 நாள் வரை இடம் தருகின்றன என்பதும்தான் விற்பவர் மறந்துவிடும் செய்திகள். அரக்குச் சிவப்புக் கட்டம் போட்ட சேலை ஒன்று படத்தில் இருந்த நிறத்தில் இல்லை என்று ஒருவர் அப்படிக் கேட்டபோது, நான் பயன்படுத்திய கேட்வே என் அடுத்த வரவிலிருந்து 1,200 ரூபாயைக் கழித்துக்கொண்டது. பிடித்த கட்டணத்தைத் திருப்பவில்லை, சேலையும் திரும்பவில்லை. கூரியர் ரசீதை அனுப்பினேன். பொருள் போய்ச் சேர்ந்ததற்குத்தான் அது சாட்சியாகும், நிறத்துக்கு ஆகாது என்று பதில் வந்தது. எரிச்சலாக இருந்தாலும் அந்தப் பதில் சரியே. இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் படம் எடுத்தது என் தவறு.

பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் உள்நாட்டுப் பணத்தைக் கையாள்வதில்லை. வெளிநாட்டு வரவுக்கு மட்டுமே உதவும். கட்டணம் 4.4 விழுக்காடு, அதோடு டாலர் வரவுக்கு 30 சென்ட். 100 டாலரில் 95 டாலர் 30 சென்ட் மிஞ்சும்; அதையும் சந்தை விகிதத்தைவிடக் குறைவாகவே ரூபாயாக்கித் தருவார்கள். 10 டாலர் கொட்டான் ஒன்றை மட்டும் அனுப்பினால் 74 சென்ட் போய்விடுகிறது, அதாவது 7.4 விழுக்காடு. ரங்கூனிலும் பினாங்கிலும் உண்டியல் என்னும் பணச்சீட்டு எழுதிக் கொடுத்து, அதற்கு வட்டம் என்ற கழிவு பிடித்த ஊர்க்காரர்கள் நாம். இப்போது நாம் வட்டம் கொடுக்கிறோம். பணம் தானாகவே வங்கிக்கு வந்துவிடுவதால் வியாபாரம் முடிந்துவிட்டது என்ற நினைப்பு எழும். ஆனால் வாங்கியவர் 180 நாள் வரை முறையிடலாம். பொருள் வரவில்லை என்ற புகாருக்கு, கண்காணிப்பு எண்ணோடு பேபால் காட்டிய அதே முகவரிக்கு அனுப்பியிருந்தால் விற்பவருக்குப் பாதுகாப்பு உண்டு. சொன்னபடி இல்லை என்ற புகாருக்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது.

முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பழம்பொருளை இதே வழியில் வெளிநாட்டுக்கு விற்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நூறு ஆண்டைக் கடந்த கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்வதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அங்கே கட்டணக் கணக்குக்கே வேலையில்லை.

இப்போது தெரிந்தவர்களிடமும் அவர்கள் சொல்லி வருபவர்களிடமும் யுபிஐயில், தனிக் கணக்கில் மட்டும் வாங்குகிறேன்; தொகை சிறியதானாலும் பில் எழுதுகிறேன். அட்டைதான் வேண்டும் என்பவருக்கு முற்றத்து வெயிலில் எடுத்த படத்தையும், மாற்றிக்கொள்ள ஏழு நாள் என்ற நிபந்தனையையும் எழுத்தில் அனுப்பி, சரி என்று பதில் வந்த பிறகே லிங்க் தருகிறேன். வெளிநாட்டுக்கு மூன்று சேலைக்குக் குறைந்து அனுப்புவதில்லை. மோசடி என்று தெரிந்த நிமிடமே அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணைக் கைபேசியில் சேமித்திருக்கிறேன்; பக்கத்துத் தெரு ஆச்சியின் கைபேசியிலும் நானே பதிந்து கொடுத்தேன். அவர் இப்போது புதியவர்களிடம் ரொக்கம் மட்டுமே வாங்குகிறார்.